கல்பனா சாவ்லா: ஒரு பழைய மாணவியின் வாழ்க்கை

நூற்றாண்டு மலரில் உலகறிந்த பெண் ஒருவரின் வாழ்க்கை வரலாறும் இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, 1998 ஆம் ஆண்டு உயர்தர உயிரியல் பிரிவைச் சேர்ந்த எமக்கு வேறு பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. 1997 நவம்பர் மழை நாட்களில், பற்றரியில் இயங்கிய வானொலிப் பெட்டியில் அந்தப் பெயரை நாம் முதன்முதலாகக் கேட்டோம். இந்தியாவில் பிறந்த பெண் ஒருவர் விண்வெளிக்குச் சென்றிருக்கிறார் என்றது செய்தி. மறுநாள் பௌதிகவியல் பாடவேளை முழுவதும் எமது கேள்விகளிலேயே கழிந்தது. பாவம், ஆசிரியைக்கு அன்று பாடத்தை முடிக்கவே முடியவில்லை.

கல்பனா சாவ்லா எப்படி இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு உயரம் சென்றார் என்பதைச் சிறுவர் நூல்களும் சொல்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையில் அவர் ஒரு தோல்வியைச் சந்தித்தார், அதிலிருந்து மீண்டார். வைத்தியராகத் தொழில் செய்யத் தொடங்கிய பின்னர் எமக்கு மிகவும் உதவிய பகுதி அதுதான். ஆகவே அதற்குச் சற்றுக் கூடுதலாக இடம் கொடுத்து இந்த வரலாற்றை எழுதுகிறோம்.

கல்பனா வட இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் உள்ள கர்ணால் என்னும் ஊரில் 1962 மார்ச் 17 ஆம் திகதி பிறந்தார். நான்கு பிள்ளைகளில் அவரே கடைசி. 1947 பிரிவினையின்போது இன்றைய பாகிஸ்தான் பகுதியில் இருந்த உடைமைகளை விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பம் அது. தந்தையார் பனாரசி லால் சாவ்லா பல சிறு தொழில்களைச் செய்து பார்த்து, கடைசியில் டயர் உற்பத்தியில் காலூன்றினார். எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கிய வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு உழைப்பு என்றால் என்ன என்று எவரும் தனியாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இதை எம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம்.

வீட்டில் அவரை மொண்ட்டு என்று செல்லமாக அழைத்தார்கள். முறையான பெயர் எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. கர்ணாலில் உள்ள தாகூர் பால் நிகேதன் பாடசாலையில் சேர்க்கச் சிற்றன்னை அழைத்துச் சென்றபோது, பிள்ளையின் பெயர் என்ன என்று அதிபர் கேட்டார். கல்பனா, ஜோத்ஸ்னா, சுனைனா என்று மூன்று பெயர்களை நினைத்து வைத்திருக்கிறோம், இன்னும் முடிவு செய்யவில்லை என்றார் சிற்றன்னை. அதிபர் பிள்ளையிடமே கேட்டார். பிள்ளை கல்பனா என்ற பெயரைத் தெரிந்தெடுத்தது. கற்பனை என்று எமது மொழியிலும் வழங்கும் அதே சொல்தான். பாடசாலையின் அனுமதிப் பதிவேட்டில் தமது பெயரைத் தாமே தீர்மானித்து நுழைந்த மாணவி அவர்.

கர்ணாலில் ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருந்தது. அந்த நாளில் இந்தியாவின் சிறு நகரங்களில் அப்படி ஒன்று இருப்பது அபூர்வம். வீட்டுக்கு மேலே சிறு விமானங்கள் வட்டமிடும். கல்பனாவும் அண்ணனும் சைக்கிளில் போகும்போது, அவை எங்கே போகின்றன என்று அண்ணாந்து பார்ப்பார்கள். பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் தந்தையார் ஒரு நாள் அவர்களைக் கழகத்துக்கு அழைத்துச் சென்று, புஷ்பக் என்னும் சிறு விமானத்திலும் கிளைடரிலும் ஏற்றிக் காட்டினார். அன்றிலிருந்து அவருக்கு விமானம் என்றால் பித்து. விண்வெளி வீராங்கனையாக வேண்டும் என்ற எண்ணம் அப்போது இருக்கவில்லை. விமானங்களை வடிவமைக்கும் பொறியியலாளராக வேண்டும் என்பதே ஆசை.

கர்ணாலில் உள்ள தயாள் சிங் கல்லூரியில் படித்தபின், சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரிக்குத் தெரிவானார். விமானப் பொறியியல் துறையைக் கேட்டபோது, பெண்ணுக்கு அதில் என்ன வேலை கிடைக்கப் போகிறது, வேறு துறையை எடுக்கலாமே என்று ஆலோசனை கூறினார்கள். அவர் மாற்றவில்லை. அந்தத் துறையில் பெண்கள் இல்லாத காலம் அது. 1982 இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது. இளம்பெண்ணைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்புவதற்குக் குடும்பத்தார் உடனே மனமொப்பவில்லை. பின்னர் அண்ணன் துணைக்குச் செல்ல, அதே ஆண்டு ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்ரன் வளாகத்தில் சேர்ந்தார்.

1984 இல் விண்வெளிப் பொறியியலில் முதுமாணிப் பட்டமும், 1988 இல் போல்டரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இதற்கிடையில், 1983 இல், விமானம் ஓட்டப் பயிற்றுவிக்கும் ஜோன் பியர் ஹரிசனை மணந்தார். தாமும் விமானம் ஓட்டக் கற்றார். ஒற்றை எஞ்சின், பல எஞ்சின், நீரில் இறங்கும் விமானம், கிளைடர் ஆகியவற்றுக்கான வர்த்தக அனுமதிப்பத்திரம் பெற்றதோடு, மற்றவர்களுக்குக் கற்பிக்கும் தகுதியையும் அடைந்தார்.

1988 இல் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்தார். ஓடுபாதையில்லாமல் நேரே மேலெழும் ஹரியர் போன்ற விமானங்கள் அவரது ஆய்வுப் பொருளாயின. அப்படி ஒரு விமானம் தரைக்கு அருகே நிற்கும்போது, கீழ்நோக்கிப் பாயும் சூடான காற்று தரையில் மோதித் திரும்பி விமானத்தையே தாக்கும். அந்தக் காற்றோட்டத்தைக் கணினியில் கணித்துக் காட்டுவதே வேலை. பின்னர் 1993 இல் ஓவர்செற் மெதட்ஸ் என்னும் நிறுவனத்தில் துணைத் தலைவராகவும் ஆய்வாளராகவும் பொறுப்பேற்றார். 1991 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்ததால் நாசாவின் விண்வெளி வீரர் தெரிவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து 1994 டிசம்பரில் தெரிவாகி, 1995 மார்ச்சில் ஹூஸ்ரனில் பயிற்சியைத் தொடங்கினார். கர்ணாலை விட்டுப் புறப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதற் பயணம் 1997 நவம்பர் 19 அன்று, கொலம்பியா விண்ணோடத்தில். ஆறு பேர் கொண்ட குழுவில் விண்ணோடத்தின் இயந்திரக் கையை இயக்கும் முதன்மைப் பொறுப்பு கல்பனாவுடையது. சூரியனின் வெளி வளிமண்டலத்தை ஆராயும் ஸ்பார்ட்டன் என்னும் செய்மதியை அந்தக் கையால் தூக்கி வெளியே விட்டு, சில நாட்களின் பின் மீண்டும் பிடித்து உள்ளே வைக்க வேண்டும். செய்மதியின் நிறை ஏறத்தாழ 1360 கிலோகிராம்.

நவம்பர் 21 அன்று கல்பனா அதனை வெளியே விட்டார். விட்டதும் தானாக இயங்கிச் செய்ய வேண்டிய சுழற்சியை ஸ்பார்ட்டன் செய்யவில்லை. அதைத் திரும்பப் பிடிக்க இயந்திரக் கையைக் கொண்டு சென்றார். பிடி அகப்பட்டதற்கான சமிக்ஞை வரவில்லை. கையைப் பின்வாங்கியபோது செய்மதி மெல்லச் சுழலத் தொடங்கியது. மூன்று நாட்களின் பின் வின்ஸ்டன் ஸ்கொட், ஜப்பானியரான தக்காவோ டோய் ஆகிய இருவரும் விண்வெளியில் இறங்கி, வெறும் கைகளால் அதைப் பிடித்து உள்ளே சேர்த்தார்கள். செய்மதி தப்பியது. ஆனால் அந்தப் பயணத்தில் அது செய்யவிருந்த ஆய்வு நடைபெறவில்லை.

கொலம்பியா பூமியை 252 தடவை சுற்றி, டிசம்பர் 5 அன்று பத்திரமாகத் தரையிறங்கியது. இந்தியா முழுவதும் கொண்டாடியது. ஹூஸ்ரனிலோ, ஸ்பார்ட்டன் ஏன் இயங்கவில்லை என்ற கேள்வி காத்திருந்தது. கடைசியாக அதைத் தொட்டது கல்பனாவின் கை. ஆகவே பேச்சு அவரைச் சுற்றியே இருந்தது. குடிவந்து ஆறே ஆண்டுகளுக்கு முன் குடியுரிமை பெற்ற பெண், முதற் பயணத்திலேயே பிழைவிட்டார் என்ற பெயர் நிலைத்திருந்தால், அவருக்கு இரண்டாவது பயணம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். விசாரணை ஐந்து மாதங்கள் நீடித்தது. முடிவில், குழுவினருக்கும் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் வகுத்துக் கொடுக்கப்பட்ட நடைமுறைகளிலும், மென்பொருள் அமைப்பிலும் இருந்த குறைகளே காரணம் என்று கண்டறியப்பட்டது. கல்பனா மீது குற்றமில்லை என்று தெளிவாயிற்று. அதே ஸ்பார்ட்டன் 1998 இறுதியில் இன்னொரு விண்ணோடத்தில் சென்று தன் வேலையைச் செய்தது. கல்பனா விண்வெளி வீரர் அலுவலகத்தின் தொழில்நுட்பப் பொறுப்புகளில் தொடர்ந்து உழைத்து, சகாக்களின் பாராட்டையும் பெற்றார்.

இதைப் படிக்கும் பழைய மாணவிகளில் வைத்தியர்களும் தாதியரும் பலர். நோயாளிக்குப் பிழையான மருந்து போனால், ஊசியைக் கையில் பிடித்தவரைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்போம். ஒரே நிற மூடியுள்ள இரண்டு குப்பிகளை ஒரே தட்டில் வைத்தது யார், முப்பது மணித்தியாலம் உறங்காதவரைத் தொடர்ந்து கடமையில் விட்டது யார் என்று பிறகுதான் கேட்போம். சில இடங்களில் கேட்பதே இல்லை. உள்ளகப் பயிற்சிக் காலத்தில் எமக்கும் அப்படி ஓர் இரவு வந்தது. கையில் எடுத்தது வேறு குப்பி. விடுதியில் கடமையிலிருந்த தாதி ஒருவர், டொக்டர், ஒருமுறை லேபிளைப் பார்க்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு வாரம் உறக்கம் வரவில்லை. இந்தத் தொழிலுக்கு நாம் ஏற்றவர்தானா என்று மனம் அலைந்தது. அந்த நாட்களில் எமக்குக் கைகொடுத்தது கல்பனாவின் அந்த ஐந்து மாதங்கள்தான். நடந்ததை மறைக்காமல் சொல்வதும், காரணத்தை முழுமையாகத் தேட விடுவதும், அதுவரை தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதும் முடியக்கூடிய காரியம் என்று அவரிடம் படித்தோம்.

இந்தக் காலத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். நாசாவின் கோடைகால விண்வெளிப் பயிற்சித் திட்டத்துக்கு, தாம் படித்த தாகூர் பால் நிகேதனிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு மாணவர்கள் வர வழி செய்தார். பழைய மாணவிகள் சங்கம் ஒன்றின் மலரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாடசாலைக்குக் கட்டடம் கட்டித் தருவது பெரிய உதவி. ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்குத் தாம் நிற்கும் இடத்தைக் கண்ணால் காட்டுவதும் அதற்குக் குறைந்ததல்ல.

2000 ஆம் ஆண்டில் அவர் இரண்டாவது பயணத்துக்குத் தெரிவானார். பயணம் பல தடவை ஒத்திவைக்கப்பட்டது. 2002 இல் விண்ணோடங்களின் எரிபொருட் குழாய்களின் உட்பகுதியில் வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டதும் தாமதத்துக்கு ஒரு காரணம். கடைசியில் 2003 ஜனவரி 16 அன்று, அதே கொலம்பியாவில், ஏழு பேர் புறப்பட்டார்கள். தளபதி ரிக் ஹஸ்பண்ட், விமானி வில்லியம் மெக்கூல், மைக்கல் அண்டர்சன், டேவிட் பிரவுன், லோரல் கிளார்க், இஸ்ரேலியரான இலான் ராமோன், கல்பனா. இவர்களில் பிரவுனும் கிளார்க்கும் கடற்படை வைத்தியர்கள் என்பது எமக்குக் கூடுதல் நெருக்கத்தைத் தருகிறது. கல்பனா இம்முறை விண்ணோடத்தின் பொறியியலாளர். புறப்படும்போதும் இறங்கும்போதும் தளபதிக்கும் விமானிக்கும் பின்னால் அமர்ந்து கருவிகளைக் கண்காணிப்பது அவரது கடமை.

முழுக்க முழுக்க ஆய்வுக்கான பயணம் அது. இரண்டு அணிகளாகப் பிரிந்து இரவுபகலாக ஏறத்தாழ 80 பரிசோதனைகளைச் செய்தார்கள். எடையற்ற நிலையில் எலும்புகள் கல்சியத்தை இழக்கும். அந்தக் கல்சியம் சிறுநீரில் சேர்ந்து சிறுநீரகக் கல் உண்டாகும் அபாயமும் கூடும். இதை ஆராயக் குழுவினரில் சிலர் தமது குருதியையும் சிறுநீரையும் நாள்தோறும் சேகரித்தார்கள். பந்துபோல உருண்டு மிதக்கும் மிகச் சிறிய தீச்சுவாலைகளை எரித்துப் பார்த்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வடிவமைத்த பரிசோதனைகளும் இருந்தன. அவுஸ்திரேலியப் பிள்ளைகளின் சிலந்திகளும், சீனப் பிள்ளைகளின் பட்டுப்புழுக்களும், ஜப்பானியப் பிள்ளைகளின் மீன்களும், அமெரிக்கப் பிள்ளைகளின் எறும்புகளும் அவர்களுடன் பூமியைச் சுற்றின.

புறப்பட்டு 82 செக்கனில் நடந்தது குழுவினருக்கு அப்போது தெரியாது. வெளி எரிபொருள் தாங்கியின் காப்பு நுரையில் ஒரு துண்டு உடைந்து, இடது சிறகின் முன்விளிம்பில் மோதியது. துண்டின் நிறை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. ஆனால் விண்ணோடம் அப்போது சென்ற வேகத்தில் அது போதுமாக இருந்தது. மறுநாள் ஒளிப்பதிவுகளைப் பார்த்த பொறியியலாளர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். விண்ணிலுள்ள சிறகைப் பாதுகாப்புத் துறையின் கருவிகளால் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நுரைத் துண்டுகள் முன்னரும் பல பயணங்களில் உடைந்து விழுந்து ஒன்றும் ஆகவில்லை என்ற பழக்கம் மேலிடத்தில் இருந்தது. படம் எடுக்கப்படவில்லை. மோதல் பற்றிக் குழுவினருக்குத் தெரிவிக்கப்பட்டபோதும், கவலைக்கு இடமில்லை என்றே கூறப்பட்டது.

2003 பெப்ரவரி 1, சனிக்கிழமை. கர்ணாலில் தாகூர் பால் நிகேதன் மாணவர்கள் தமது பழைய மாணவி தரையிறங்குவதைக் கொண்டாடக் கூடியிருந்தார்கள். நாம் அப்போது மருத்துவ பீட மாணவிகள். இலங்கையில் இரவு எட்டு மணி இருக்கும். விண்ணோடம் வளிமண்டலத்தினுள் நுழைந்தபோது, சிறகின் முன்விளிம்பு 1500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறும். அந்தச் சூட்டைத் தாங்க வேண்டிய காபன் தகட்டில் துவாரம் இருந்தது. வெப்பக் காற்று உள்ளே புகுந்து சிறகின் உள்ளமைப்பை உருக்கியது. புளோரிடாவில் தரையிறங்க 16 நிமிடங்கள் இருக்கையில், ரெக்சாஸ் மாநிலத்தின் மேலே, ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்தில் கொலம்பியா சிதறியது. எழுவரும் உயிரிழந்தனர். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் கல்பனா படிக்க வந்து இறங்கியதும் ரெக்சாஸில்தான். அவருக்கு அப்போது நாற்பது வயது. இரண்டு பயணங்களிலும் சேர்த்து முப்பது நாட்களுக்கும் மேல் விண்ணில் வாழ்ந்திருந்தார்.

2003 ஓகஸ்டில் விசாரணைச் சபை அறிக்கை வெளியிட்டது. நுரைத் துண்டு எவ்வளவு காரணமோ, அந்த நிறுவனத்தின் பழக்கவழக்கங்களும் அவ்வளவு காரணம் என்று சபை கூறியது. ஐயம் கொண்டவர்களின் குரல் மேலே போய்ச் சேரவில்லை. இந்த அறிக்கையின் பின்னரே விண்ணோடங்களின் சிறகுகளை விண்ணிலேயே பரிசோதிக்கும் வழக்கம் ஏற்பட்டு, 2005 இல் பயணங்கள் மீண்டும் தொடங்கின.

இரண்டு விசாரணைகளையும் அருகருகே வைத்து நாம் பலமுறை யோசித்ததுண்டு. முதலாவது விசாரணை, பழியைக் கடைசிக் கையின்மேல் போட்டுவிட்டு எழுந்து போகாமல், முழுக் காரணத்தையும் தேடியது. அதனால் ஒரு நல்ல விஞ்ஞானி காப்பாற்றப்பட்டார். இரண்டாவது தடவை, கேள்வி கேட்டவர்கள் இருந்தும் காது கொடுத்தவர்கள் இல்லை. அதே விஞ்ஞானி ஆறு சகாக்களுடன் போய்விட்டார். எமது விடுதியில் அந்தத் தாதி கேட்டபோது, களைப்பில் எரிந்து விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நெஞ்சு பதறும். இப்போது எமக்குக் கீழே பயிற்சி பெறும் இளையவர்கள் ஏதேனும் கேட்டால், எவ்வளவு அவசரமானாலும் நின்று கேட்கப் பழகிக் கொண்டிருக்கிறோம்.

சிதைவுகளிடையே கண்டெடுத்த பெட்டிகளில், பரிசோதனைக்குக் கொண்டு சென்ற மிகச் சிறிய புழுக்கள் உயிரோடு இருந்தன. கருகிய ஒரு வன்தட்டிலிருந்து மீட்ட தரவுகள் 2008 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. இந்தியா தனது வானிலைச் செய்மதி ஒன்றுக்குக் கல்பனா-1 என்று பெயர் சூட்டியது. ஒரு சிறுகோளும் அவர் பெயரைத் தாங்குகிறது. தமிழ்நாட்டு அரசு துணிவுக்கும் சாதனைக்கும் பெண்களுக்கு அளிக்கும் விருது கல்பனா சாவ்லா விருது என்றே வழங்குகிறது. பிறந்த கர்ணாலில் அவரது பெயரில் அரச மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்குகிறது. அங்கு படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு விசாரணைகளையும் யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது.

எமது பாடசாலையின் அனுமதிப் பதிவேட்டிலும் நூறு ஆண்டுகளாகப் பெயர்கள் எழுதப்பட்டு வருகின்றன. அந்தப் பெயர்களுக்குரியவர்கள் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறோம். சிலர் இடம்பெயர்ந்து போனோம், சிலர் திரும்பி வந்தோம். கர்ணால் பாடசாலைக்குக் கல்பனா செய்ததைச் செய்ய நாசா வேண்டியதில்லை. நாம் வேலை செய்யும் வைத்தியசாலைக்கோ, ஆய்வுகூடத்துக்கோ, அலுவலகத்துக்கோ ஆண்டுக்கு இரண்டு மாணவிகளை அழைத்துப் பக்கத்தில் இருத்திக் காட்டலாம். தூரத்தில் இருப்போர் திரை வழியாகவேனும் பேசலாம். எமது வெற்றிகளோடு எமது பிழைகளையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளையை அமர்த்தாமல், தொடர்ந்து கேட்க விட வேண்டும். அன்று பாடத்தை முடிக்க முடியாமல் போன எமது பௌதிகவியல் ஆசிரியை செய்ததும் அதுதான். அவருக்கும் எமது பாடசாலை அன்னைக்கும் இந்த நூற்றாண்டில் எமது நன்றி.

– வைத்தியர், பழைய மாணவி (1998 உயர்தர உயிரியல் பிரிவு)